எழுதி வைத்த தண்ணீர்

காலை பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றபோது மேற்பார்வைக்காரி பதறவில்லை. தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் பெரிய குழாயை உடைத்துவிட்டார்கள், இன்றைக்குத் தண்ணீர் வராது என்று காவலாளி மூச்சிரைக்க வந்து சொன்னபோதும், "வரலைன்னா போகட்டும்" என்றாள். இதற்காகத்தானே திட்டம் போட்டு வைத்திருக்கிறது!

அது அவள் அண்ணனின் சலவைக்கூடம். பெரிய மருத்துவமனை ஒன்றின் படுக்கை விரிப்புகளும் அறுவை அறை அங்கிகளும் அங்கேதான் வெளுக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் கூடம் மூன்று நாள் முடங்க, நோயாளிகள் வெறும் மெத்தையில் கிடந்தார்கள். "மறுபடி இப்படி ஆனா என்ன செய்வீங்க? எழுதிக் குடுங்க" என்று மருத்துவமனை ஒற்றைக்காலில் நின்றது. அண்ணனுக்கு எழுத்து வேலை என்றால் வேப்பங்காய். அவள்தான் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் எழுதினாள். நிலத்தடித் தொட்டியில் எப்போதும் ஒரு நாளைக்கான தண்ணீர். அதை ஏற்ற மாற்று பம்ப். பின்கட்டில் முந்நூறு விரிப்புகள். எதுவும் கைகொடுக்காவிட்டால் ஊரின் மறுகோடியிலுள்ள சலவைக்கூடத்தோடு ஒப்பந்தம். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் கையெழுத்து.

"ஏற்பாடெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று பின்கட்டுச் சாவியை அண்ணன் வாங்கிக்கொண்டார். கேட்டபோதெல்லாம், "எல்லாம் இருக்கும்மா, நீ உன் வேலையைப் பாரு" என்பார். அவளும் நம்பினாள்.

அண்ணனின் மேஜையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கூடத்துப் பாய்லர்காரரோடு பின்கட்டுக்குப் போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த தரையில் வரிசையாகத் தரைக்கல் பெட்டிகள்! அண்ணன் கட்டும் புது வீட்டுக்கானவை.

"பம்ப் எங்கே?"

பாய்லர்காரர் தலையைச் சொறிந்தார். "அதுவும் வீடு கட்டற இடத்துக்குத்தான்க்கா போச்சு. சிமெண்டுக்குத் தண்ணி ஊத்த."

"விரிப்பு?"

"அது... உங்க அண்ணியோட தம்பி விடுதி திறந்தாரே, அங்கே."

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. தான் இராப்பகலாக எழுதியதை எலி கொறிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கொறித்திருக்கிறார்கள். கூடத்தில் ஆறு மெஷினும் ஊமையாக நின்றன.

அண்ணன் வந்தவுடன் கேட்டே விட்டாள்.

"ரெண்டு வருஷமா சும்மா கிடந்த சாமான்தானே? எடுத்துப் பயன்படுத்தினா கொலைக்குத்தமா? ஆஸ்பத்திரிக்கு வண்டி ரிப்பேர்னு சொல்லு. சாயங்காலம் தண்ணி வந்துரும்."

"அதுவரைக்கும் அறுத்துக் கிடக்கிறவங்க மேல எதைப் போர்த்துவாங்க? உன் தரைக்கல்லையா?"

அவர் கண்ணெதிரிலேயே மருத்துவமனைக்குப் போன் போட்டாள். "சிஸ்டர், தண்ணி நின்னுபோச்சு. திட்டத்துல எழுதினது ஒண்ணுகூட இங்கே இல்லை. உங்ககிட்ட எவ்வளவு துணி மிச்சம்?"

தலைமை நர்ஸ் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "இன்னைக்கு நாலு ஆபரேஷன். அங்கி ரெண்டுக்குத்தான் வரும்" என்றார்.

அடுத்த போன் மறுகோடிக்காரருக்கு. சட்டைப்பையில் எப்போதும் சீப்பு நீட்டிக்கொண்டிருப்பதால் தொழிலில் எல்லோருக்கும் அவர் 'சீப்பு'.

"ஒப்பந்தமா? உங்கண்ணன் என்கிட்ட வரவே இல்லையேம்மா" என்றார் சீப்பு. அவள் நடந்ததைச் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சரி, அந்த மனுஷன் மூஞ்சிக்காக இல்லை, படுத்திருக்கிறவங்களுக்காக. மூணு மெஷின் ஒழிச்சுத் தரேன். வேலை செய்யறது உங்க ஆளுங்கதான்."

வண்டியில் மூட்டைகளை ஏற்றி, ஆட்களோடு அவளும் போனாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷினில் துணி திணித்தாள். இரண்டரை மணிக்கு முதல் கட்டு அங்கிகள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்று ஆபரேஷன் நடந்தது. நான்காவதுக்கு நேரமில்லாமல் போயிற்று. இடுப்பெலும்பு முறிந்த பெரியவர் ஒருவர், முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்து, வலியோடு திரும்பிப் படுக்கைக்குப் போனாராம்.

மறுநாள் மருத்துவமனை மேலாளரும் தலைமை நர்ஸும் வந்தார்கள். அண்ணன் கூசாமல் சொன்னார்: "திட்டம் முழுக்க என் தங்கச்சி பொறுப்புங்க. பாருங்க, அவ கையெழுத்து."

"ஆமா, என் கையெழுத்துதான்" என்றாள் அவள். "எழுதினவ நான். எடுத்தவர் இவர். போய்ப் பார்க்காம நம்பினதும் என் தப்புதான். வாங்க, தொட்டியைக் காட்டறேன்."

மேலாளர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இதைத் திறந்து பார்க்காம நாங்களும் சரின்னு முத்திரை குத்தியிருக்கோமே" என்று முனகினார். தண்ணீரும் பம்பும் விரிப்பும் ஒரு வாரத்தில் திரும்பவேண்டும், பின்கட்டுச் சாவி இனி அவளிடம், மாதம் ஒருநாள் சொல்லாமல் வந்து குழாயை அடைத்துப் பார்ப்போம், இதற்குச் சம்மதமென்றால் வேலை தொடரட்டும் என்றார். அண்ணன் மென்று விழுங்கித் தலையாட்டினார்.

அவர்கள் போனதும் அவர் வெடித்தார். "கூடப் பிறந்தவனை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டியே!"

"அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்துட்டு வா, அப்புறம் அசிங்கத்தைப் பத்திப் பேசலாம்" என்றாள்.

அவர் போகவில்லை. அவள் போனாள். வார்டு வாசலில் வெகுநேரம் நின்றாள். உள்ளே போய் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனாலும் போனாள்.