கோல்பர்ன் துரை வேலைக்கு வராத மூன்று நாள்

எங்கள் எஸ்டேட்டில் செத்துப்போன துரைமாரும் கொழுந்து பறிக்க வர வேண்டும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒரு பலகை தொங்குகிறது: "வேலைக்கு வராதவருக்கு எஸ்டேட்டில் இடம் இல்லை. மூன்று நாள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு." எழுதி மாட்டியவர் கோல்பர்ன் துரைதான். பங்களாவுக்குப் பின்னால் குடும்பக் கல்லறையில் அவரோடு சேர்த்து ஒன்பது பேர். அதுவும் எஸ்டேட் நிலம்தானே? சங்கு ஊதுவதற்குள் ஒன்பது பேரும் கூடையோடு வந்து நிற்பார்கள்.

பேர் கூப்பிடுவது நான், கங்காணி பஞ்சவர்ணம். துரைசானி பரவாயில்லை, கை வேகம். துரை சுத்த மோசம். முற்றின இலையாகப் பார்த்துப் பறிப்பார்.

என் அம்மா வெள்ளத்தாயி உயிரோடிருந்தபோது குளிர்காய்ச்சலில் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் கூலிக்காரர் லயத்து வீட்டிலிருந்து எங்கள் சட்டி பானையைத் தூக்கி மழையில் வைத்தார்கள். அந்த மழையிலேயே அம்மா போய்ச் சேர்ந்தாள். ஒரு தேயிலைச் செடிக்கடியில் புதைத்தோம். கல் கிடையாது. அவளும் தினமும் பெரட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். வேர் முதுகில் குத்துகிறது என்பாள். பங்களாக் கல்லறையில் இடம் கேட்டு அவளுக்காக மனு கொடுத்திருந்தேன். அடுத்த ஆள் அவள்தான்.

ஆடி மழை பிடித்தது. அட்டைக்குப் பயந்து துரை இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் பங்களாப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாவி மனுஷன் வந்து தொலைக்கக் கூடாதே! சங்கு ஊதி ஓய்ந்த பிறகு, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஒரு நிமிசம்தானே, பஞ்சவர்ணம்."

"லேட்டுன்னா லேட்டுதான் தொரை. நீங்க போட்ட ரூலு."

"விட்டுராதக்கா," என்றாள் பக்கத்தில் நின்ற குருவம்மா. நானா விடுவேன்? திருப்பி அனுப்பினேன்.

மத்தியானத்துக்குள் கல்லறையிலிருந்து துரையின் தொப்பியையும் கைத்தடியையும் எடுத்து மழையில் வைத்தோம். அம்மா பளிங்குக் கல்லுக்கடியில் இறங்கிக் காலை நீட்டினாள்.

"ஏ புள்ள, எம்புட்டு மெத்துனு இருக்கு!"

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சங்குக்கு முன்பே துரை வந்து நின்றார். சட்டையெல்லாம் தேயிலை வேர். அம்மாவைக் காணோம். போய்ப் பார்த்தேன். குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். வந்ததாகப் போட்டேன்.

வரிசையின் கடைசியில் பங்களா நின்றது. நேற்று துரைக்கு நடந்ததைப் பார்த்துப் பயந்திருக்கும்; அதுவும் ஒரு நாள் வேலைக்கு வந்ததில்லையே. கூடை இல்லாமல் வந்திருந்தது. எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.