இருபத்தெட்டு நாழிகை

1

பதினொரு மணி நேரம், பன்னிரண்டு நிமிஷம். வீட்டைக் காலி செய்ய தனக்கோடிக்கு அன்று அவ்வளவு நேரம் இருந்தது. அதில் முதல் முக்கால் மணி, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதிலேயே போய்விட்டது.

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய பஞ்சாங்கத்தில். துன்முகி வருஷம், அதாவது 1956. அலமாரியை ஒழித்தபோது அகப்பட்டது. ஐப்பசி மாதத்துப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் போட்டிருக்கிறது: 28 × 24 = 672. கீழே, 11 மணி 12 நிமிஷம். அதற்கும் கீழே, மாலை 5.42. பெருக்கலில் தப்பில்லை. இரண்டு தடவை சரிபார்த்ததற்கு அடையாளமாக இரண்டு டிக் இருக்கின்றன.

(பஞ்சாங்கம் பார்த்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு: ஒரு நாளைக்கு ஒரு வரிசை. அந்த வரிசையில் திதிக்கு ஒரு கட்டம், நட்சத்திரத்துக்கு அடுத்த கட்டம். ஒவ்வொன்றும் எத்தனை நாழிகைக்கு முடிகிறது என்று போட்டிருக்கும். ஒரு நாழிகை இருபத்துநாலு நிமிஷம். சூரியன் உதித்ததிலிருந்து எண்ண வேண்டும். அன்று உதயம் ஆறரை மணி.)

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அல்சூரில், ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் இரண்டு போர்ஷன்களாக" — இத்தோடு நிறுத்திவிட்டேன். வீட்டிலிருந்து தொடங்கினால் கதை வீட்டுக்காரர் கட்சிக்குப் போய்விடுகிறது.

"வள்ளியம்மா, வயது முப்பத்துநாலு, வயிற்றில் கட்டி, குழந்தைகள் இல்லை" — இது ஆஸ்பத்திரிச் சீட்டு.

"தனக்கோடி பல்பைக் கழற்றினார்." — இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது மத்தியானம் நடந்தது. காலையிலிருந்து சொல்ல வேண்டும்.

தனக்கோடி டெலிபோன் ஃபாக்டரியில் ஃபிட்டர். வேலூர்ப் பக்கத்துக்காரர். பின்போர்ஷனில் எட்டு வருஷமாகக் குடியிருந்தார். முன்போர்ஷனில் வீட்டுக்காரர் பெருமாள்சாமி முதலியார், ரயில்வே பார்சல் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். எட்டு வருஷத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு சண்டைதான், ஆணி விஷயமாக. சுவரில் ஆணி அடித்தால் முதலியாருக்குத் தன் மேலேயே அடித்த மாதிரி. தனக்கோடி அடித்துவிட்டு, முதலியார் வருகிற சத்தம் கேட்டால் காலண்டரை மாட்டி மறைத்துவிடுவார்.

பெரிய ஆஸ்பத்திரியில் தனக்கோடியின் மனைவி வள்ளியம்மாவை வீட்டுக்கே அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான். முந்தின நாள் சாயங்காலம் வந்து பார்த்த டாக்டர் தெருவுக்குப் போய் நின்றுகொண்டு, நாளைக்குத் தாண்டாது என்றார். தெருவில் சொன்னதால் முதலியாரும் கேட்டார்.

3

காலை ஏழே காலுக்கு முதலியார் பின்வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. மேல்துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. இன்றைக்குத் திருவோணம் முடிந்து அவிட்டம் பிறக்கிறது. அவிட்டத்தில் தொடங்கி ஐந்து நட்சத்திரங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடைப்பு. ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவிட வேண்டும். விளக்குகூட ஏற்றக்கூடாது. அவிட்டம் பிறப்பதற்கு முன்னால் என்றால் ஒன்றுமில்லை.

"தனக்கோடி, சொல்ல வாய் கூசுது. சொல்லாமலும் இருக்க முடியல. மூத்தவ நெறமாசமா வந்திருக்கா. ஒரே கூரை. பூட்டிட்டு நான் அவளை எந்தத் தெருவுல வெச்சுப் பிரசவம் பாப்பேன்?"

தனக்கோடி ஒன்றுதான் கேட்டார்.

"எத்தனை மணிக்குங்க?"

"அஞ்சு நாப்பத்திரண்டு."

ஃபாக்டரிச் சங்கு மாதிரி நிமிஷக் கணக்கோடு சொன்னது அவருக்கு ஒரு விதத்தில் தெம்பாக இருந்தது. சாயங்காலம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார். நாப்பத்திரண்டோடு எப்படிச் சண்டை போடுவது?

(இந்த இடத்தில் முதலியாரின் இளைய மகளைக் கொண்டுவந்திருந்தேன். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறவள். புரோகிதர் ஊரில் இல்லாததால் முதலியார் பஞ்சாங்கத்தை அவள் கையில் கொடுத்து, படிச்ச பொண்ணு நீயே பாரு என்கிறார். அவள் பார்த்துச் சொல்கிறாள். அதற்கப்புறம் கதை முழுக்கக் கதவோரமாக நிற்கிறாள், பேசுவதே இல்லை. நிற்பதற்கு மட்டும் ஒரு பாத்திரம் எதற்கு? அடித்துவிட்டேன்.)

4

தனக்கோடி மனைவியிடம் பொய் சொன்னார். ஸ்ரீராம்புரத்தில் பெரியப்பா மகன் பச்சைமுத்து வீட்டுக்குப் பக்கத்தில் நாட்டு வைத்தியர் ஒருவர் இருக்கிறார், அங்கே நாலு நாள் இருந்து பார்க்கலாம் என்று.

வள்ளியம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"முதலியார் பஞ்சாங்கம் பாத்துட்டாரா?"

அவர் அவள் போர்வையை இழுத்துவிட்டார்.

"எத்தனை மணிக்காம்?"

சொன்னார்.

"அதுக்குள்ள போயிட்டா இங்கயே போயிடலாம் இல்ல?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "பாக்கறேன்."

ரேஷன் கடைக்குப் போய் வரமுடியுமா என்று கேட்டால் சொல்வாளே, அதே 'பாக்கறேன்'.

(இந்த இடத்தில் நான் நான்கு நாள் எழுதாமல் இருந்தேன்.)

அதற்குப் பிறகு தனக்கோடிக்கு என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பிழைக்க வேண்டும் என்று இத்தனை நாளாக வேண்டிக்கொண்டிருந்தார். இப்போது சாமான் கட்டிக்கொண்டே பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். ஏறி இறங்கியது. அதைப் பார்த்ததில் வந்தது சந்தோஷமா பயமா என்று அவருக்கே பிடிபடவில்லை. மணியைப் பார்த்தார். பன்னிரண்டரை.

பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார். ஆணிகளைப் பிடுங்கினார். பழக்க தோஷம், ஒவ்வொரு ஓட்டையிலும் சுண்ணாம்பைக் குழைத்து வைத்து விரலால் தேய்த்தார். வாசலில் நின்ற முதலியார், அதெல்லாம் இருக்கட்டும் விடு தம்பி என்றார். தனக்கோடி கேட்காமல் எல்லா ஓட்டையையும் அடைத்தார். மொத்தம் பதினேழு. எட்டு வருஷமாக ஒளித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

தனக்கோடி பல்பைக் கழற்றினார். பல்பு அவர் வாங்கியது. காலி செய்கிறவர்கள் பல்பைக் கழற்றிக்கொண்டு போவதுதான் வழக்கம். ஜன்னல் இல்லாத அறை. வள்ளியம்மா இருட்டுக்குள் கிடந்தாள். திரும்ப மாட்டினார். அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

(மேலே ஒன்றைச் சேர்க்க விட்டுப்போனது. அந்த அறைக்கும் முன்போர்ஷனில் இளைய மகளின் அறைக்கும் பொதுச் சுவர் ஒன்று. முதல் ஷிஃப்டுக்குப் போகிற புருஷனுக்குச் சமைக்க வள்ளியம்மா நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். பரீட்சை நாட்களில் கரண்டிக் காம்பால் சுவரில் மூன்று தட்டு தட்டுவாள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு பதிலுக்கு வரும்வரை விடமாட்டாள். பெண் எழுந்து படிப்பாள். அடித்துவிட்ட பாத்திரத்தைப் பற்றி இவ்வளவு எழுதுவது எனக்கே தெரிகிறது.)

5

மூன்றே முக்காலுக்கு ஜட்கா வந்தது. வண்டிக்காரர் சிவாஜிநகர் ஸ்டாண்டில் இருக்கிறவர். வைக்கோலைப் பரப்பிக்கொண்டே, என் குதிரைக்கு ஆஸ்பத்திரி வழி தெரியும், கோரிக்கு வழி தெரியும், ஸ்ரீராம்புரம் வழி தெரியாது சாப், நீங்கதான் அதுக்குச் சொல்லணும் என்றார். கோரி என்றால் சமாதி. உள்ளே எட்டிப் பார்த்தவர் அதற்கப்புறம் தமாஷ் பேசவில்லை.

சாமான்களை ஏற்ற முக்கால் மணி ஆனது. வள்ளியம்மாவைக் கடைசியில்தான் தூக்க வேண்டும் என்று தனக்கோடி வைத்திருந்தார். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவள் 'பாக்கறேன்' என்று சொல்லியிருந்தாள். அவர் அவளுக்குக் கடைசி நிமிஷம்வரை நேரம் கொடுத்தார்.

நாலரை. நாலே முக்கால். அவளால் முடியவில்லை.

தூக்கும்போது, "மன்னிச்சிக்கோய்யா" என்றாள்.

இந்த இடத்தில் கதைக்கு வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: முதலியார் ஜட்காவின் முன்னால் வந்து நிற்கிறார். ஆறு மாசம் வூட்டைப் பூட்டிக்கறேன், இறக்கு என்கிறார். — முதலியார் நல்லவர்தான். ஆனால் அவ்வளவு நல்லவர் இல்லை. நிறைமாதக்காரியின் அப்பா யாரும் அவ்வளவு நல்லவராக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இரண்டு: நாலு ஐம்பதுக்கு, தன் பாயிலேயே, வள்ளியம்மாவின் மூச்சு நிற்கிறது. தனக்கோடி கடிகாரத்தைப் பார்த்து நிம்மதியாக அழுகிறார். — இதை எழுதி முடித்துப் படித்தபோது, ஒருத்தியைக் கொல்வதைச் சந்தோஷமான முடிவு என்று எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது.

மூன்று: முன்போர்ஷனில், இளைய மகள், ஜன்னலைத் திறந்து,

(இந்த வாக்கியம் ஒவ்வொரு பிரதியிலும் இங்கேயே நிற்கிறது. ஜன்னல் வரைக்கும் போகிறாள். ஜட்கா கண்ணெதிரே நிற்கிறது. கையில் பஞ்சாங்கம்.)

ஜட்கா ஐந்து மணிக்குக் கிளம்பியது.

6

ஸ்ரீராம்புரத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போய்ச் சேர ஆறே முக்கால் ஆகிவிட்டது. தனக்கோடிக்குப் பொய் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வராது. வாசலிலேயே பச்சைமுத்துவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவிட்டம் அஞ்சு நாப்பத்திரண்டுக்கே பிறந்துவிட்டது என்றும் சொன்னார். பச்சைமுத்து குடியிருந்ததும் வாடகை வீடு. அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி வீட்டுக்காரரின் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு ஒரு கயிற்றுக் கட்டிலைத் தெருவில் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள்.

எட்டு பத்துக்கு வள்ளியம்மா தெருவில் இறந்தாள்.

எனக்கு இது மறுநாள் தெரிந்தது. ஆமாம், எனக்கு. அந்த இளைய மகள் நான்தான். எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். பஞ்சாங்கம் அலமாரியை ஒழித்தபோது அகப்பட்டது என்று எழுதியதும் பொய். ஆறு வருஷமாக அது என் டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் இருந்தது. அன்று சாயங்காலமே அதை எடுத்து ஒளித்தேன். அக்காவுக்கு முன்போர்ஷனில் நல்லபடியாகப் பிரசவம் ஆனது. மறுமாதம் பின்போர்ஷனுக்கு வேறு குடித்தனம் வந்தது. அந்தப் பல்பு ரொம்ப நாள் எரிந்தது. அப்பா போன வருஷம் காலமானார். அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்புரம் போனேன். நான் இப்போது ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். தவறு செய்தால் திருத்திக் காட்டு என்று தினமும் முப்பது பேருக்குச் சொல்கிறேன்.

தனக்கோடி ஒற்றை அறையில் இருக்கிறார். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "பாப்பாவா?" என்றார். இருக்கிற ஒரே நாற்காலியை எனக்குப் போட்டார். பக்கத்துக் கடையில் டீ வாங்கி வந்தார். சுவர் வெறுமையாக இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து, "ஆணியே அடிக்கறதில்ல பாப்பா, போகும்போது அடைக்கணும்" என்று சிரித்தார்.

அப்பா இறந்ததற்குத் துக்கம் கேட்டார். தங்கமான மனுஷன் என்றார். நான் மறுக்க வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"இல்ல பாப்பா. வேற ஒருத்தனா இருந்தா காலி பண்ணுன்னு கடுதாசி நீட்டியிருப்பான். உங்கப்பா நேரம் பாத்து, நிமிஷம் சுத்தமா சொன்னாரு. இல்லேன்னா அவளால ஒரு வூடு ஆறு மாசம் இருண்டு கெடந்துச்சுன்னு பேராயிருக்கும். அவ அதைத் தாங்கமாட்டா. தெருவுலதான் போனா. ஆனா யார் வூட்டையும் மூடவெக்காம போனா." டீயை ஊதிக் குடித்தார். "நீதான் கணக்குப் போட்டியாமே? சுவரு வழியா அவளுக்குக் கேட்டுச்சாம். அவளே சொன்னா, ஜட்காவுல. நம்ம பாப்பா பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும்னு."

என் கைப்பையில் பஞ்சாங்கம் இருந்தது.

இந்தக் கதையின் முடிவு இங்கே உங்களிடம் வந்துவிடுகிறது. அவருக்கு மிச்சம் இருப்பது அந்த ஓர் ஆறுதல்தான். அதைத் தொடாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். அதற்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம், ஆறு வருஷமாக நான் அப்படித்தான் வைத்திருந்தேன். அல்லது சொல்லிவிடலாம். எது நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் சொன்னதற்கு அவர் என்ன செய்தார் என்பதையும் எழுதப்போவதில்லை, அது அவருடையது. நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மீதியை எழுதிக்கொள்ளுங்கள்.

டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தச் சுவரில் ஒரு தட்டு தட்டினேன். ஏன் என்று தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, நான் பக்கத்துக் கட்டத்தைப் பாத்துட்டேன். இருபத்தெட்டு திதிக் கணக்கு. நட்சத்திரம் அம்பத்திரண்டு நாழிகை. அவிட்டம் பொறந்தது மறுநாள் விடியக்காலம் மூணு பதினெட்டுக்கு. வள்ளியக்கா அன்னிக்கு அங்கயே, அவங்க பாயிலயே போயிருக்கலாம். ஜட்கா வாசல்ல நிக்கும்போதே எனக்குத் தெரியும்."