எழுபத்தொன்றாம் பக்கம்

சலவைக் கடைகளில் இஸ்திரிப் பெட்டிக்கு நீராவி அனுப்புகிற சின்ன பாய்லர் இருக்கிறதே, அதை முப்பது வருடம் பழுது பார்த்தவர் பாய்லர்காரர். தெரிந்ததையெல்லாம் இருநூறு பக்கப் புத்தகமாகக் கொட்டிவிட்டார். எழுதியது அவர், படம் வரைந்தது அவர், பிழை திருத்தியது அவர், இணையத்தில் ஏற்றி வெளியிட்டதும் அவரே. முதல் பக்கத்தில் 'நிபுணரால் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு வரி வேறு. அந்த நிபுணர், ஏதோ ஓர் ஆலையில் இன்ஜினியராக இருக்கும் தங்கை கணவர். அனுப்பிய மறுநாளே "சூப்பர் மச்சான்" என்று பதில் வந்துவிட்டது. ஒரே நாளில் இருநூறு பக்கமா என்று பாய்லர்காரர் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டும்.

பதினான்கு மாதத்தில் அறுபத்திரண்டு பிரதி போயிற்று. காலையில் பல் துலக்கும் முன்பே அந்தக் கணக்கைப் பார்ப்பார். மனைவி இறந்துபோன பிறகு அந்த வீட்டில் அவருக்கென்று மாறுகிற விஷயம் அது ஒன்றுதான். வாங்கியவர்கள் யாரும் வாயே திறக்கவில்லை. நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வரி, ஊஹூம்.

அதனால் ஒரு மின்னஞ்சல் வந்தபோது அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுதியவர் ஒரு சலவைக்கடைக்காரி. எழுபத்தொன்றாம் பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று போன் நம்பர் கொடுத்திருந்தார். எழுபத்தொன்று வரை ஒரு ஜீவன் படித்திருக்கிறது! நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு போன் செய்தார். போனுக்கு எதற்குச் சட்டை என்று கேலி செய்யத்தான் ஆளில்லை.

"பாய்லரைக் கழுவுறது எப்படின்னு போட்டிருக்கீங்கல்ல? ஸ்விட்சை அணை, வாளியை வை, அடி வால்வைத் திறன்னு? அப்படியே செஞ்சேங்க. கொதிக்கிற தண்ணி சீறிக்கிட்டு வந்துச்சு. வலது கை மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோச்சு."

"ஐயோ! ஆவியை இறக்காம எப்படிம்மா வால்வுல கை வெச்சீங்க?"

"இறக்கணும்னு எங்கங்க போட்டிருக்கு?"

புரட்டிப் பார்த்தார். எங்கும் இல்லை. கடைக்குள் நுழைந்ததுமே, பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, இஸ்திரிப் பெட்டியின் பொத்தானை அழுத்தி, அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை ஆவியை வெளியே விட்டுவிடுவது அவர் வழக்கம். வாய் கடைக்காரரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருக்கும், கை அதை முடித்திருக்கும். அதை அவர் வேலையில் சேர்த்ததே கிடையாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, எழுதியபடி ஒருமுறை செய்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"இதை யாருங்க சரிபார்த்தது?" என்றார் அந்த அம்மா. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. மன்னிப்பு கேட்டார்.

அடுத்து தங்கை கணவரைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, மறைக்காம சொல்லுங்க. எது வரைக்கும் படிச்சீங்க?"

"முன்னுரை பிரமாதம் மச்சான். உங்க சம்சாரத்தைப் பத்தி எழுதியிருந்தீங்களே, கண்ணு கலங்கிருச்சு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம்... ஆலையில வேலை ஜாஸ்தி மச்சான்."

பாய்லர்காரர் சண்டை போடவில்லை. கணினியில் உட்கார்ந்து விற்பனையை நிறுத்தினார். நான்கு வருட உழைப்பு ஒரு சொடுக்கில் போயிற்று. ஆனால் அவரை வாட்டியது அதுவல்ல. மிச்சம் அறுபத்தொரு பேர் யார், எந்த ஊர், எதுவும் அவருக்குத் தெரியாது. விற்கிற தளம் வாங்கியவர் பெயரைச் சொல்லாது. யாராவது இந்த நிமிடம் வாளியை எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம்.

யாராவது படிக்க மாட்டார்களா என்று பதினான்கு மாதம் ஏங்கியவர், ஒருவரும் அதைத் திறந்தே பார்த்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.