ஸ்டியரிங் பூட்டு

மெக்கானிக் சோலைமுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, உளியை வைத்து ஓங்கித் தட்டினான். முதல் அடியிலேயே வீட்டுக்குள் ஜெபமாலை நின்றுபோனது.

"செத்த நேரந்தான்க்கா. இந்த போல்ட்டுக்குத் தலை கெடையாது. திருட்டுப் பயலுக கழட்டக் கூடாதுன்னு கம்பெனியிலயே ஒடிச்சு விட்டுருப்பாங்க. தட்டித் தட்டித்தான் சுத்தி எடுக்கணும்."

ஏஞ்சலின் தலையாட்டினாள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அவளுடைய அப்பா மரியராஜ் கிடந்தார். கொடைரோடு ஸ்டேஷன் வாசலில் ஆயுசு முழுக்க டாக்சி ஓட்டியவர். அவருடைய கார் சக்கரங்களைச் சுவர்ப் பக்கம் ஒடித்தபடி சந்து வழியை அடைத்து நின்றது. ஸ்டியரிங் பூட்டிக் கிடந்ததால், தள்ளினால் சுவரில்தான் முட்டும். அதைத் தாண்டி சர்ச் வண்டி வாசலுக்கு வர வழியில்லை. பெட்டியைச் சாய்த்துத் தூக்கிப் போய்விடலாம் என்று யாரோ சொன்னபோது, அம்மா அன்னாள் "வேணாம்" என்று மட்டும் சொன்னாள்.

கார் சாவி கிணற்றில் கிடந்தது. சர்க்கரையில் கண் மங்கிய பிறகும் அவர் தனியாகப் பழனி வரை ஓட்டிப்போய்த் திரும்பிய அன்று அன்னாள்தான் அதைத் தூக்கி எறிந்தாள். அவர் சண்டை போடவில்லை. எங்கே என்று கேட்கவுமில்லை. காலையில் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். அன்னாள் ஜன்னல் வழியாகக் காப்பியை நீட்டுவாள். "வண்டி ஆசையே விட்டுப்போச்சுடி அவருக்கு" என்று போனில் ஏஞ்சலினிடம் சொல்லுவாள். சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி இருக்கும்.

பூட்டு கழன்று வந்தது. சோலைமுத்து எழுந்து அதை வெயிலில் திருப்பிப் பார்த்தான். மெல்லிய குறடை விட்டு எதையோ பிடித்து இழுத்தான்.

"வேற சாவியப் போட்டுத் திருகியிருக்காருக்கா. உள்ளயே ஒடிஞ்சு நிக்கிது."

உள்ளங்கையில் விழுந்ததை ஏஞ்சலின் பார்த்தாள். பீரோ சாவியின் நுனி. அந்தச் சாவி எங்கேயோ விழுந்துவிட்டது என்று சொல்லி, முன்பொரு நாள் அப்பாவே ஆளைக் கூட்டிவந்து பீரோவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார். அம்மா அன்றைக்கு முழுக்கத் திட்டினாள். பேசாமல் வாங்கிக்கொண்டார்.

பூட்டின் சாவித் துளையைச் சுற்றிலும் கீறல்கள். சில துருவேறிப் பழசாகியிருந்தன.

அன்னாள் வாசற்படிக்கு வந்து நின்றாள். "என்னத்தடி எடுத்தான்?"

"துருதாம்மா."

அன்னாள் மகளின் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள். ஜெபமாலை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அதில் அவள் குரல் இல்லை.

"நாங்க தள்ளுறோம். நீங்க உள்ள உக்காந்து ஸ்டியரிங்கப் பிடிங்கக்கா. பிரேக்குல கால வச்சுக்கங்க" என்றான் சோலைமுத்து.

ஏஞ்சலின் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங் லேசாகத் திரும்பியது. கால்தான் எட்டவில்லை. அப்பாவின் நீளக் கால்களுக்காக சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. அதை முன்னால் இழுக்கும் கம்பி அடியில் இருப்பது அவளுக்குத் தெரியும். தொடவில்லை. சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, கால் விரல்களால் பிரேக்கை எட்டிப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க" என்றாள்.