கைநாட்டு வைத்த நாள்

இளைய மகளைப் பாதி வகுப்பில் கூட்டிப் போவதற்காக இசக்கியம்மாள் மாம்பலத்துப் பெண்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். அது எழுபத்து நாலாம் வருஷம், மார்ச் மாதம். மகள் முத்துலட்சுமிக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. அன்று சாயங்காலம் அவளுக்குப் பரிசம் போடுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, இசக்கியம்மாளின் தம்பி வெள்ளைச்சாமிதான்.

மூத்தவள் சொர்ணத்தையும் அவனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மார்ச்சில். அவளுக்கும் அப்போது பதின்மூன்றுதான். தாய்மாமன் முறை என்பதால் யாரும் யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யம்மா, இன்னும் மூணு பரிச்சைதான். எழுதிட்டு வாரேனே."

"எழுதி என்னட்டி செய்யப் போற?" என்று சொல்லிக்கொண்டே இசக்கியம்மாள் அவளுக்குத் தலை பின்னி விட்டாள்.

மறு வருஷம் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த உடம்புக்குத் தாங்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னாள்.

அதிலிருந்து அந்தக் குரல் இசக்கியம்மாளை விடவில்லை. ரங்கநாதன் தெருவில் புருஷன் அய்யாதுரையின் பாத்திரக் கடைக்கு மேலேதான் வீடு. குடத்தில் தண்ணீர் விழும்போது கேட்கும். அம்மி அரைக்கும்போது கேட்கும். எழுதிட்டு வாரேனே. வடபழனியில் மந்திரித்துக் கட்டிய கயிறு நைந்து அறுந்ததுதான் மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. மாடிப்படியில் நீலத் தாவணி போட்ட ஒருத்தி தனியாக ஏறிப் போனாள். அந்தத் தோளும், இடப்பக்கம் சாய்ந்த நடையும் சொர்ணத்தினுடையவை. இசக்கியம்மாள் பின்னாலேயே ஓடி ஏறினாள். மாடியில் அவளைக் காணோம். ஜன்னல் வழியே வகுப்பு மட்டும் தெரிந்தது. முத்துலட்சுமி குனிந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

இசக்கியம்மாள் நேரே தலைமையாசிரியை ஜெயலக்ஷ்மியின் அறைக்குப் போனாள்.

"பொண்ணை அழைச்சுண்டு போகணுமா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அதுக்குத்தான் வந்தேன் டீச்சர். இப்ப வேண்டாம். வீட்டுக்கு வந்தா கட்டி வச்சிருவாக. நீங்களே வச்சிக்கிடுங்க."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜெயலக்ஷ்மி சொன்னார்: "பதினஞ்சு முடியாம கல்யாணம் பண்றது சட்டப்படி குத்தம். அடையாறுல ஒரு ஹாஸ்டல் இருக்கு. அங்கேயே தங்கிப் படிக்கட்டும். நானே கொண்டு போய் விடறேன். நீங்க கையெழுத்துப் போடணும்."

"எனக்குக் கைநாட்டுதான் டீச்சர்."

"அது போதும்."

சாயங்காலம் வெள்ளைச்சாமி தாம்பாளத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"பிள்ளைய எங்கட்டி?" என்றார் அய்யாதுரை.

"படிக்க அனுப்பிட்டேன். இனி இங்க வரமாட்டா. தேடிப் போனா டீச்சரம்மா போலீசுல எழுதிக் குடுப்பாக."

அய்யாதுரை கையை ஓங்கினார். அவள் நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே கீழே இறங்கியது.

வெள்ளைச்சாமி எழுந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "அக்கா, சொர்ணத்த நானா கொன்னேன்?"

"இல்லலே. நான்தான் குடுத்தேன்."

அன்று போனவன் பிறகு அந்தப் படி ஏறவில்லை. அய்யாதுரை எட்டு மாதம் அவளோடு பேசவில்லை. முத்துலட்சுமி மட்டும் வகுப்பு வகுப்பாகத் தேறினாள். எழுபத்தேழில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானாள். அன்றோடு குரல் நின்றுவிடும் என்று இசக்கியம்மாள் நம்பியிருந்தாள். நிற்கவில்லை.

அந்த லீவில் முத்துலட்சுமி வீட்டில் இருந்தபோது ஊரிலிருந்து தபாலில் ஒரு மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. வெள்ளைச்சாமிக்குக் கல்யாணம். முத்துலட்சுமி பெண்ணின் பேரையும் தகப்பன் பேரையும் வாசித்தாள்.

"பிள்ளைக்கு என்ன வயசுன்னு போட்டிருக்கா?"

"பத்திரிகையில வயசு போட மாட்டாங்கம்மா."

இசக்கியம்மாள் சட்டென்று எழுந்து கொடியிலிருந்த புடவையை உருவினாள். "அப்பாவ மேல வரச் சொல்லு. ரயிலுக்குச் சீட்டு எடுக்கணும். முகூர்த்தம் என்னைக்கு?"

முத்துலட்சுமி தேதியைப் பார்த்தாள்.

"போன வெள்ளிக்கிழமைம்மா."