வெயிலுக்குப் போகிற துணி

அடிவயிறு பிடித்து இழுக்க, தறியில் நின்ற கால்கள் மரத்துப்போய், சுடலையம்மாள் காலை ஷிப்டு முடிந்து வீடு வந்த மதியம், அலசிப் பிழிந்து ஓலைக்கூரையில் அவள் ஒளித்து வைத்திருந்த தீட்டுத்துணி தானாக இறங்கி வெயிலுக்குப் போனது. ராஜபாளையத்தில், 1987 சித்திரையில். நிலைப்படியைத் தாண்டி, கோழிகளை விலக்கிக்கொண்டு, பின்சுவரில் ஏறி மல்லாந்து படுத்தது.

தீட்டுத்துணியைப் பாம்பு தாண்டினால் வயிறு திறக்காது என்பது தெருவே நம்பிய சங்கதி. அவளுக்கு இன்னும் பிள்ளையில்லை. மகனுக்கு வேறு பெண் பார்க்கப்போவதாக மாமியார் சண்முகத்தாய் சொல்லியிருந்தாள். சுடலையம்மாள் துணியை அம்மிக்கு அடியில் திணித்தாள். மறுநாள் அம்மி புரண்டு கிடந்தது. துணி சுவரில் காய்ந்தது.

துணி அவளுடையதல்ல. பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் திடீரென்று தூரமானபோது, இன்னொன்று தைத்துத் தருவதாகச் சொல்லி, பக்கத்துத் தறி ஆரிபாவிடம் வாங்கியது. விஷயத்தைச் சொன்னதும் ஆரிபா சிரித்தாள்.

“ஏட்டி, எங்க வேலியில வெயில்பட்டுக் காஞ்சு பழகுனதுல்லா அது? உன் கூரை இருட்டுல கெடக்குமா? மருந்துக்கடையில வாங்கித் தூரப் போடுத பஞ்சு மாதிரி நெனச்சியா?”

“பாம்பு வந்துட்டா?”

“வந்தா அதுவும் காயட்டும்.”

மார்கழியில் பாம்பு வந்தது. துணிமேல் சுருண்டு வெயில் காய்ந்தது. சண்முகத்தாய் பார்த்துவிட்டாள்.

“போச்சு, எங்குடி போச்சு! ஏட்டி, மூட்டையக் கட்டிட்டு ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போ.”

புருஷன் சங்கையா வாசலிலேயே நின்றான். அந்நேரம் கூரையின் மறுகோடியிலிருந்து, சண்முகத்தாய் இளவயதில் செருகி மறந்துபோன துணி ஒன்று, புகை படிந்து கறுத்து, இறங்கி வந்தது. அவள் காலைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரேறியது. பாம்பு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. பொறவு இரண்டு துணிகளையும் தாண்டி வேலிக்குள் போனது.

சண்முகத்தாய் தன் துணியைப் பார்த்தாள். தான் பெற்ற பிள்ளையைப் பார்த்தாள்.

“நீ அங்கிட்டுப் போலே,” என்றாள் சங்கையாவிடம். மூட்டையைப் பற்றி அதற்கப்புறம் பேசவில்லை.

காயாத ஈரத்துணி உரசித் தொடையில் வந்திருந்த புண்கள் ஆறின. மகள் பிறக்கும்வரை சுடலையம்மாள் மாதாமாதம் பயந்தாள். பிறந்தபின், நாக்கு பிளந்திருக்கிறதா என்று குழந்தையின் வாயைத் திறந்து திறந்து பார்த்தாள். தொண்ணூறுகளில் அந்தத் தெருத் தீட்டுத்துணிகள் எல்லாமே வெயிலேறியதும் வெளியே வந்தன. கரண்டு கணக்கெடுக்க வருகிறவர் செருப்பை ஒதுக்கி வழிவிட்டு நிற்பார்.

ஆரிபா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். சுடலையம்மாள் தைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு துணி அவளுக்கு இன்னும் பாக்கி.