ஹாரிசன் என்று ஒரு குழந்தை

பெயர்ப் படிவத்தில் தில்சாத் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தான். அவன் மனைவி பெரிவானும் கையெழுத்திட வேண்டும் என்று அந்த ஜெர்மன் மருத்துவமனையில் கட்டிலருகே காத்து நின்றாள் மருத்துவிச்சி யதுசா. முந்தைய நாள் பிறந்த ஆண் குழந்தை தாயின் மார்போடு ஒட்டி உறங்கிக்கொண்டிருந்தது.

வடகிழக்குச் சிரியாவில் குர்தியப் படையில் இருந்த காலத்தில், தில்சாத்தை இடிபாடுகளுக்குள்ளிருந்து இழுத்தெடுத்தவர் ஹாரிசன் என்ற அமெரிக்க அதிகாரி. குர்தியருக்கென்று ஒரு நாடு பிறக்குமானால் அதை முதலில் அங்கீகரிப்பது ஹாரிசனின் நாடாகவே இருக்கும் என்று தில்சாத் உறுதியாக நம்பினான். மகனுக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தது நன்றியால் மட்டுமன்று.

உணவுத் தட்டை எடுக்க வந்த, யதுசாவைப் போலவே ஈழத்தமிழரான சந்திரகாந்தி படிவத்தை எட்டிப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

“என்ன பிள்ளை, குர்திஷ் பெடியனுக்கு அமெரிக்கன்ர பேரோ?”

“மெதுவாக் கதையுங்கோ அக்கா. உயிரைக் காப்பாத்தின ஆளின்ர பேராம்.”

“ஓம், ஓம். இரண்டாயிரத்து ஒன்பதில எங்கட சனம் சாகேக்க நாங்களும் அமெரிக்கன்ர கொடியைப் பிடிச்சுக்கொண்டு டுசில்டோர்ஃப் ரோட்டில நிண்டனாங்கள்தானே. பிள்ளையளுக்குப் பேர் மட்டும்தான் வைக்கேல்லை.”

யதுசா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அப்போது தில்சாத்தின் கைப்பேசி அதிர்ந்தது. வாசித்தவன் சுவரில் சாய்ந்தான்.

“அமெரிக்கர்கள் எங்கள் ஊர் முகாமைக் காலி செய்துவிட்டார்கள்,” என்றான் ஜெர்மன் மொழியில். பெரிவான் கொலோனில் வளர்ந்தவள். அவர்களுக்கிடையே அந்த மொழிதான் புழங்கியது. “எதிர்ப்படை ஊருக்குள் நுழைகிறது. ஷேர்கோ உள்ளே இருக்கிறான்.”

ஷேர்கோ அவனுடைய தம்பி. அவனது எண்ணுக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. தில்சாத் அந்த முகாமில் இருந்த ஹாரிசனை அழைத்தான். பெரிவானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைத் தட்டி, கைப்பேசியைக் கட்டிலின் மீது வைத்தான். அந்த ஆங்கில உரையாடல் அறை முழுவதற்கும் கேட்டது.

“ஞாயிற்றுக்கிழமை பேசினோம். பிறக்கப்போகும் மகனுக்கு உங்கள் பெயர் என்றேன். அழுதீர்கள்.”

“ஆமாம், நண்பா.”

“நீங்கள் வெளியேறப் போவது அன்று உங்களுக்குத் தெரியுமா?”

எதிர்முனையில் யாரோ கதவை மூடும் ஓசை கேட்டது.

“தெரியும். சொல்ல எனக்கு அனுமதி இருக்கவில்லை.”

“ஞாயிற்றுக்கிழமை பாதை திறந்திருந்தது,” என்றான் தில்சாத். “ஷேர்கோ புறப்படவா என்று கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். ஹாரிசன் இருக்கிறார் என்றேன்.”

“மன்னித்துவிடு” என்ற சொல்லோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

தட்டோடு கதவருகே சென்றிருந்த சந்திரகாந்தி திரும்பினாள். சற்று முன் தான் சொன்ன கேலியைத் திரும்பப் பெற வழியற்றவளைப் போல அவள் யதுசாவைப் பார்த்தாள்.

“அந்தப் படிவத்தைக் கிழித்துவிடுங்கள்,” என்றாள் பெரிவான். “பெயரைப் பிறகு சொல்லலாம் அல்லவா?”

“சொல்லலாம். ஒரு மாதம் வரை அவகாசம் இருக்கிறது.” யதுசா படிவத்தை நோக்கிக் கை நீட்டினாள்.

தில்சாத் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

“கையெழுத்துப் போடு, பெரிவான்.”

“அவன் பெயருக்கா? உனக்குப் பைத்தியமா?”

“ஷேர்கோ இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனை வெளியே எடுக்க எனக்கு வேறு யாரைத் தெரியும்? இந்தப் பெயரையும் எடுத்துவிட்டால் எந்த உரிமையில் அந்த மனிதனிடம் கேட்பேன்?”

ஒரு மனிதன் ஏமாற்றப்பட்டதை யதுசாவால் புரிந்துகொள்ள முடிந்தது. ஏமாற்றியவனிடமே, பிறந்து ஒரு நாளான பிள்ளையைக் காட்டி மீண்டும் இரக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அவளைத் திகைக்கச் செய்தது.

பெரிவான் கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள்.

ஹாரிசனுக்கு அனுப்ப, தில்சாத் படிவத்தைக் குழந்தையின் அருகில் நிறுத்தி, கைப்பேசிக் கமராவை உயர்த்தினான்.

“முகம் தெரியவில்லை,” என்றான்.

பெரிவான் தன் மார்பில் புதைந்திருந்த சிறு தலையை இரு விரல்களால் மெல்லப் பிரித்து, கமராவை நோக்கித் திருப்பினாள்.